நிழற்படக் கலைஞர் இராபர்ட் பிரெஞ்சு

அயர்லாந்தின் தலைநகராகிய டப்ளினில் 1841ஆம் ஆண்டு பிறந்தவர் இராபர்ட் பிரெஞ்சு. முதலில் காவலராகப் பணியாற்றிய இவர், பின்னர் வில்லியம் இலாரன்சு என்பவரின் நிழற்பட நிலையத்தில் ஊழியரானார். இலாரன்சு தாம் படம் எடுப்பவரல்லர்; வணிகத்தில் வல்லவர்.

கண்ணாடித் தகடுகளில் படம் பிடித்த காலம் அது. கனத்த கருவியையும் எளிதில் உடையும் தகடுகளையும் கொண்டு பிரெஞ்சு நாடெங்கும் சென்றார். கில்லார்னி ஏரிகள், கடலை நோக்கிச் செங்குத்தாக நிற்கும் மோகர்ப் பாறைகள், கிளென்டலோவின் பழைய வட்டக் கோபுரம், ஊர்ச் சந்தைகள், துறைமுகங்கள் ஆகிய யாவும் அவர்தம் படங்களில் இடம்பெற்றன. அப்படங்கள் நன்கு விலைபோயின. ஆயினும் அவை முதலாளியின் பெயராலேயே வெளிவந்தன; எடுத்தவர் யாரென வாங்கியோர் அறிந்திலர். ஊதியம் பெறும் ஊழியர்க்கு அந்நாளில் அவ்வளவே உரிமை போலும்!

1914இல் அவர் ஓய்வு பெற்றார். 1916ஆம் ஆண்டு ஈஸ்டர் வாரத்தில் ஆங்கிலேயர் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் கிளர்ச்சி மூண்டது. தலைமை அஞ்சல் நிலையத்திற்கு எதிரே இருந்த இலாரன்சின் கடை சூறையாடப்பட்டுத் தீக்கிரையாயிற்று. அங்கிருந்த உருவப்படத் தகடுகள் அழிந்தன. நிலக்காட்சித் தகடுகளோ இரத்மைன்சு என்னும் பகுதியில் வைக்கப்பட்டிருந்தமையால் பிழைத்தன. மறு ஆண்டு பிரெஞ்சு காலமானார்.

1943இல் அயர்லாந்துத் தேசிய நூலகம் ஏறத்தாழ 40,000 தகடுகளை விலைக்கு வாங்கியது. அவற்றுள் சுமார் 30,000 பிரெஞ்சு எடுத்தவை. அத்தொகுப்பு இன்றும் இலாரன்சின் பெயராலேயே வழங்குகிறது.