அணிவகுப்பு இசை மன்னர் ஜான் பிலிப் சூசா

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

சர்க்கஸ் கூட்டத்தோடு ஊரைவிட்டு ஓடிப்போக முடிவு செய்த ஒரு சிறுவனிடமிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். ஆண்டு 1868. இடம் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். சிறுவனுக்கு வயது பதின்மூன்று. அவன் வீட்டில் வயலின் பழகிக்கொண்டிருந்ததைத் தெருவில் போன சர்க்கஸ்காரர் ஒருவர் கேட்டார். தம் பேண்டு வாத்தியக் குழுவில் சேர்ந்துகொள்ளும்படி அழைத்தார். பையனுக்கு ஆசை பற்றிக்கொண்டது. ஆனால் இரகசியத்தை அவனால் காக்க முடியவில்லை. தோழன் ஒருவனிடம் சொல்ல, அது தாய்மார் வழியாகத் தந்தையின் காதுக்கு எட்டிவிட்டது. தந்தை அடிக்கவில்லை, திட்டவில்லை. மகனுக்கு நல்ல உடை உடுத்தி, கையைப் பிடித்து அழைத்துப் போய், தாம் வேலை பார்த்த அரசாங்கப் படை இசைக்குழுவிலேயே பயிற்சியாளனாகச் சேர்த்துவிட்டார். அச்சிறுவன்தான் பின்னாளில் அணிவகுப்பு இசை மன்னர் என்று உலகம் போற்றிய ஜான் பிலிப் சூசா.

அமெரிக்க இசைக்காரர் ஒருவரின் வாழ்க்கை நமக்கெதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. பள்ளி நாட்களில் சுதந்திர தின விழாவில் சைடு டிரம் அடித்தவன் நான். எங்கள் பள்ளியில் இருந்தவை இரண்டு சைடு டிரம், ஒரு பெரிய டிரம். அவற்றுள் ஒன்றின் தோல் எப்போதும் கிழிந்தே இருக்கும். சென்ற ஆண்டு விடுதித் தோழன் தன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். அமெரிக்க மைதானம் ஒன்றில் நம் வயதொத்த நூற்றுக்கு மேற்பட்ட இளைஞர்கள், முரசும் ஊதுகருவியும் ஏந்தி ஓடியும் நின்றும் திரும்பியும் வாசிக்கிறார்கள். அத்தனை குச்சிகளும் ஒரே குச்சிபோல விழுகின்றன! டிரம் கோர் என்பது அதன் பெயராம். ஆண்டுதோறும் போட்டி வைத்து, மதிப்பெண் போட்டு, வெற்றிக் கோப்பை தருகிறார்களாம். இந்தக் கலை எங்கிருந்து வந்தது என்று தேடப்போன இடத்தில்தான் சூசா எனக்கு அறிமுகமானார்.

சூசா 1854ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள், வாஷிங்டனில் மரைன் படைப் பாசறைக்கு அருகில் ஒரு சிறு வீட்டில் பிறந்தார். தந்தை போர்த்துகீசிய மரபினர். மரைன் பேண்டில் டிராம்போன் ஊதுபவர். தாய் ஜெர்மானியர். வீட்டில் பத்துக் குழந்தைகள், இவர் மூன்றாமவர். படைவீரர் சம்பளத்தில் பத்துப் பிள்ளைகளை வளர்ப்பது எப்படிப்பட்ட காரியம் என்பதை நம்மில் பலருக்கு விளக்கத் தேவையில்லை. இவருக்கு ஆறு வயதாக இருந்தபோது உள்நாட்டுப் போர் மூண்டது. நான்கு ஆண்டுக் காலம் தலைநகரின் தெருக்களில் ஓயாமல் படைகள் நடந்தன. படைகளோடு முரசும் எக்காளமும் நடந்தன. பிற குழந்தைகள் தாலாட்டுக் கேட்டு வளர்ந்த வயதில் இவர் முரசொலி கேட்டு வளர்ந்தார் எனலாம்.

மரைன் பேண்டில் சேர்ந்த சிறுவனுக்குச் சீருடையும் சிறு சம்பளமும் கிடைத்தன. கூடவே கல்வியும் கிடைத்தது. நான் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திச் சிறிது நேரம் சும்மா இருந்தேன். தந்தையிடம் காசு இல்லாத ஒரு பையனுக்கு அரசாங்கம் இசை கற்றுக்கொடுத்து, அதற்குச் சம்பளமும் கொடுத்திருக்கிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். இது அரசுக் கல்லூரியாக இல்லாதிருந்தால் மிதித்திருக்க மாட்டேன். ஆகவே இச்செய்தி எனக்கு வெறும் செய்தியாகப் படவில்லை.

1875இல் படையிலிருந்து விலகி, நாடக அரங்குகளில் வயலின் வாசித்தும் இசைக்குழுக்களை நடத்தியும் சில ஆண்டுகள் கழித்தார். 1880இல் மரைன் பேண்டு அவரை மீண்டும் அழைத்தது, இம்முறை தலைவராக! அப்போது வயது இருபத்தைந்து. தந்தையும் தாமும் உறுப்பினராக இருந்த குழுவுக்கே தலைவரானார். பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து குடியரசுத் தலைவர்களின் கீழ்ப் பணியாற்றினார்.

இக்காலத்தில் அவர் செய்த ஒரு வேலையைப் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1886இல் எக்காளமும் முரசும் பயில்வோருக்காக அவர் ஒரு பாடநூல் எழுதினார். பெரிய பேண்டில் வாசிக்கும் தேர்ந்த கலைஞர்களுக்கான நூல் அன்று அது. பாசறையில் விடியலில் எழுப்பவும், உணவுக்கு அழைக்கவும், படையை நடத்தவும் ஊதுகின்ற, தட்டுகின்ற சாதாரணப் படைவீரனுக்கான நூல். அந்த எக்காளத்தில் விசைகள் கிடையா. குழாயின் நீளம் மாறாததால், உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் அடிப்படைச் சுரத்தின் மடங்கு அதிர்வெண்களை மட்டுமே எழுப்ப முடியும். இயற்பியல் ஆய்வகத்தில் காற்றுத் தம்பத்தின் அதிர்வுகளை அளந்த நண்பர்களுக்கு இது விளங்கும். கையில் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில சுரங்களே. மீதியை எல்லாம் முரசுதான் செய்தாக வேண்டும்.

அந்த ஏழைக் கருவிகளுக்காகவே அவர் சில மெட்டுகளையும் அமைத்தார். அவற்றுள் ஒன்றை 1888இல் இயற்றிய செம்பர் ஃபிடெலிஸ் என்னும் மார்ச்சுக்குள் கொண்டுவந்து வைத்தார். என்றும் மாறா விசுவாசம் என்பது அப்பெயரின் பொருள். அது மரைன் படையின் இலட்சிய வாக்கு. நடுவில் எல்லாக் கருவிகளும் அடங்கிவிடுகின்றன. முரசு மட்டும் தனியாகப் பேசுகிறது. பிறகு எளிய எக்காள மெட்டு எழுகிறது. அதன்மேல் ஒவ்வொரு கருவிக் கூட்டமாக வந்து ஏறிக்கொள்கிறது. பெரிய பேண்டுக்கு நடுவே முரசுக்காரனுக்குத் தனி ஆசனம் போட்டுக் கொடுத்ததுபோல் இருக்கும் அந்த இடம். கேட்டுப் பாருங்கள்.

1889இல் ஒரு செய்தித்தாள் நடத்திய கட்டுரைப் போட்டியின் பரிசளிப்பு விழாவுக்காக வாஷிங்டன் போஸ்ட் என்னும் மார்ச்சை இயற்றினார். அது கடல் கடந்து ஐரோப்பாவின் நடன அரங்குகளையும் பிடித்துக்கொண்டது. அதைப் பதிப்பாளருக்கு அவர் விற்ற விலை 35 டாலர்! அச்சிட்டு விற்றவர் பெரும் பொருள் ஈட்டினார். இந்த அடி சூசாவின் மனத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1892இல் படையைவிட்டு விலகிச் சொந்தமாக ஒரு பேண்டு அமைத்தார். அதன் முதல் கச்சேரி அவ்வாண்டு செப்டம்பர் 26ஆம் நாள் நியூ ஜெர்சியில் நடந்தது. அன்றிலிருந்து 1931 வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அக்குழு இரயிலேறிக்கொண்டே இருந்தது. பகலில் ஓர் ஊர், இரவில் வேறோர் ஊர் என்று 15,000க்கு மேற்பட்ட கச்சேரிகள். ஐரோப்பாவுக்கு நான்கு முறை. 1910–11இல் தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று உலகப் பயணம் ஒரு முறை. ஊர்களின் பட்டியலை விட்டுவிட்டு அவருடைய பெரிய டிரம் வாசிப்பவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் பெயர் ஆகஸ்ட் ஹெல்மெக்கே. பெரிய டிரம் என்றால் வெறும் தாளக்கட்டைதானே என்று நாம் நினைப்போம். பள்ளியில் யாருக்கு எதுவும் வராதோ அவனிடம்தான் அதைக் கொடுப்பார்கள். சூசா அப்படி நினைக்கவில்லை. எங்கே அடியை விழவைப்பது, எங்கே விழாமல் நிறுத்துவது என்பதில்தான் மார்ச்சின் உயிர் இருக்கிறது என்று கருதினார். அச்சான இசைத்தாளில் இல்லாத அழுத்தங்களை ஒத்திகையில் வாய்மொழியாகவே கற்பித்தார். ஆகவே தாளை வாங்கி வாசித்த பிற குழுக்களுக்குச் சூசாவின் ஒலி வரவில்லை. தவிலில் குருவின் கையைப் பார்த்துச் சீடன் கற்கும் எழுதாப் பாடம் போன்றது இது.

1896இன் இறுதியில் ஐரோப்பாவில் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தபோது, தம் குழுவின் நிர்வாகி இறந்துவிட்ட செய்தி வந்தது. உடனே கப்பலேறினார். தளத்தில் உலாவிய நாட்களில் மனத்துக்குள் ஒரு பேண்டு வாசிக்கத் தொடங்கி, கரை சேரும்வரை நிற்கவில்லை. கரையேறிய பின் தாளில் எழுதினார். அதுவே தி ஸ்டார்ஸ் அண்டு ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர். 1987இல் அமெரிக்காவின் தேசிய மார்ச் என்று சட்டமியற்றி அதைச் சிறப்பித்தனர்.

இனி 35 டாலர் விவகாரத்துக்கு வருவோம். இசைத்தட்டும் தானாக வாசிக்கும் பியானோவும் பரவிய காலம். சூசாவின் மார்ச்சுகளை நிறுவனங்கள் பதிவு செய்து விற்றன. இயற்றியவருக்கு ஒரு காசும் இல்லை. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. 1906இல் அவர் அமெரிக்கக் காங்கிரசின் குழுமுன் சென்று வாதாடினார். இயந்திர இசையின் ஆபத்தைப் பற்றி ஒரு கட்டுரையும் வெளியிட்டார். 1909ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு சென்ட் உரிமைத்தொகை வழங்கியது.

இது பணத்துக்காக நடத்திய சண்டை என்பதை மறைக்க வேண்டியதில்லை. உழைத்தவன் கூலி கேட்பதில் என்ன தவறு? ஆனால் அவருடைய அச்சம் பணத்தோடு நிற்கவில்லை. இயந்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டால் சாதாரண மக்கள் தாங்களாகப் பாடுவதையும் வாசிப்பதையும் விட்டுவிடுவார்கள். சிற்றூரின் பேண்டு கலைந்துபோகும். குழந்தை இசை பயில மாட்டாது என்று அஞ்சினார். அவருடைய குழு எண்ணற்ற இசைத்தட்டுகளில் வாசித்தது உண்மை. அப்பதிவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோல் பிடித்தவர்கள் வேறு ஆட்கள். வானொலியையும் 1929 வரை ஒதுக்கியே வைத்திருந்தார். இவரைக் கைபேசி வழியாக அறிந்துகொண்டவன் நான் என்பதை எண்ணும்போது சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கிய 1917இல், அறுபத்திரண்டு வயதில் மீண்டும் சீருடை அணிந்தார். இல்லினாயிஸ் மாநிலத்துக் கடற்படைப் பயிற்சி நிலையத்தில் இளம் மாலுமிகளைக் கொண்டு 300 பேருக்கு மேற்பட்ட பெரும் பேண்டு அமைத்தார். தம் ஊதியத்தை நலநிதிக்கு விட்டுக்கொடுத்தார்.

போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள், பாசறையில் பழகிய முரசையும் பியூகிளையும் விட மனமின்றி ஊர்தோறும் குழுக்கள் அமைத்தனர். அமெரிக்கன் லீஜியன் என்னும் முன்னாள் படைவீரர் சங்கம் தன் தேசிய மாநாடுகளில் போட்டி நடத்தியது. வீரர்களின் பிள்ளைகள் சேர்ந்தனர். பேட்டைச் சிறுவர்கள் சேர்ந்தனர். டிரம் கோர் பிறந்தது இப்படித்தான். அதைச் சூசா தோற்றுவித்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் விசையில்லா எக்காளமும் முரசும் மட்டுமே கொண்டு ஒரு முழுக்குழு ஆகலாம் என்பதை 1886இலேயே எழுதி வைத்தவர் அவர்.

அந்தக் கலையின் அருமையை ஒரு கணக்கால் காட்டுகிறேன். போட்டி மைதானத்தின் நீளம் சுமார் 91 மீட்டர். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒரு கோடியில் அடித்த அடி மறுகோடிக்கு வரக் கால் நொடிக்கு மேல் ஆகும். நிமிடத்துக்கு 120 தாளம் என்றால் ஒரு தாளத்துக்கு அரை நொடி. அதாவது பாதித் தாளம் வழியிலேயே தொலைந்துவிடுகிறது! காதை நம்பி வாசித்தால் குழு சிதறும். முன்னால் நிற்பவரின் கையைக் கண்ணால் பிடித்து, உள்ளே ஒரு கடிகாரத்தை ஓட்டிக்கொண்டு, ஓடிக்கொண்டே அடிக்க வேண்டும்.

1970களில் நூற்றுக்கணக்கில் இருந்த குழுக்கள் இன்று சில பத்துகளாகச் சுருங்கிவிட்டன. 1972 முதல் டிரம் கோர் இண்டர்நேஷனல் என்னும் அமைப்பு தேசியப் போட்டியை நடத்துகிறது. ஆட்டத்தின் தரம் வானளாவ உயர்ந்திருக்கிறது; செலவும் அவ்வாறே. கோடை முழுவதும் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று பள்ளிக்கூடத் தரையில் படுத்துறங்கி வாசிப்பதற்கு, ஓர் இளைஞன் தானே பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் சில இலட்சம். 1934இல் தோன்றிப் பத்து முறை வாகை சூடிய கேடட்ஸ் குழு 2024இல் மூடப்பட்டது. 2004 முதல் ஒலிபெருக்கியும் 2009 முதல் மின்னணு இசைக்கருவியும் களத்துக்கு வந்துவிட்டன. சூசா இருந்திருந்தால் முகம் சுளித்திருப்பார். நான் அவ்வளவு கடுமையாக இல்லை. மின்சாரம் எதையும் கெடுத்துவிடவில்லை. கட்டணம்தான் என்னை உறுத்துகிறது. பத்துப் பிள்ளை பெற்ற டிராம்போன்காரர் இன்று தம் மகனைக் கையைப் பிடித்து அழைத்துப் போனால் உள்ளே விடுவார்களா?

ஆறுதலும் உண்டு. கூடைப்பந்து அரங்குக்குள் விரிப்பு விரித்து, முரசுகளும் மரிம்பா போன்ற தட்டுக் கருவிகளும் மட்டும் வாசிக்கும் உள்ளரங்கத் தாளக் குழுக்கள் 1990களின் தொடக்கத்திலிருந்து வளர்ந்து வருகின்றன. அவற்றுள் பல, பள்ளிக்கூடங்களே நடத்துபவை. கோடை முழுவதும் ஊர் சுற்ற வேண்டியதில்லை. ஒரு பள்ளியில் தோலும் குச்சியும் நல்ல ஆசிரியரும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

சூசாவும் தம் கடைசி ஆண்டுகளைப் பள்ளிப் பிள்ளைகளோடு கழிக்கவே விரும்பினார். 1921இல் குதிரையிலிருந்து விழுந்ததில் இடக்கை சரியாக உயராமற் போயிற்று. ஆயினும் போகும் ஊர்களிலெல்லாம் மாணவர் பேண்டுகளுக்கு முன்னால் கோல் பிடித்து நின்றார். 1930இல் மிச்சிகன் மாநிலத்தின் தேசிய இசை முகாமுக்குச் சென்றார். மறு ஆண்டு அம்முகாமுக்கென்றே ஒரு மார்ச் எழுதிக் கொடுத்தார்.

1932 மார்ச் மாதம் பென்சில்வேனியாவின் ரெடிங் நகருக்குப் போனார். அவ்வூர் ரிங்கோல்டு பேண்டின் எண்பதாம் ஆண்டு விழா. உலகம் சுற்றிய சூசா, ஓர் ஊர் பேண்டின் ஒத்திகையில் நின்று பிழை திருத்திக்கொண்டிருந்தார். கடைசியாக வாசிக்கச் சொன்னது கப்பலில் பிறந்த அந்த மார்ச்சைத்தான். மார்ச் 6ஆம் நாள் அதிகாலை, விடுதி அறையில் உயிர் பிரிந்தது. வயது எழுபத்தேழு. உடலை வாஷிங்டனுக்குக் கொண்டுவந்து, பதின்மூன்று வயதில் தந்தை அழைத்துப் போன அதே மரைன் பாசறையில் வைத்தார்கள். பிறகு, பிறந்த வீட்டிலிருந்து நடந்தே போய்விடக் கூடிய தொலைவிலுள்ள கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.