சித்திரகாரப்புலியும் மங்காத பச்சையும்

தமிழ்நாட்டு மன்னருள் வாளால் புகழ் பெற்றோர் பலர். கோயில் எடுத்துப் புகழ் பெற்றோரும் பலர். தூரிகையால் புகழ் பெற விழைந்தோர் மிக அரியர். அவ்வரியருள் தலையாயவன், காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். ஓவியருள் புலி என்று பொருள்படும் சித்திரகாரப்புலி என்னும் விருதைத் தனக்குச் சூட்டி, அதைக் கல்லிலே பொறித்து வைத்தவன் அவன். ரிச்சர்ட்ஸ் டவுனின் மரநிழற் சாலைகளில் நாள்தோறும் பச்சையைக் கண்டு வாழும் நம் குடும்பத்தினர், அந்த நிறத்தின் வழியாகவே அம்மன்னனின் வரலாற்றை அறிவது பொருத்தமாகும்.

சிம்மவிஷ்ணுவின் மைந்தனான மகேந்திரன் கி.பி. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ 630 வரை ஆட்சி புரிந்தான். அவன் காலம் அமைதியான காலம் அன்று. நாம் இன்று வாழும் இக்கருநாடகத்தின் வாதாபியிலிருந்து இரண்டாம் புலிகேசி படை திரட்டி வந்தான். பல்லவன் காஞ்சியின் மதிலுக்குப் பின்னே ஒடுங்கினான் என்று 634-ஆம் ஆண்டைச் சார்ந்த ஐஹொளெக் கல்வெட்டு கூறுகிறது. புள்ளலூரிலே பகைவரை வென்றான் என்று பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு கூறுகிறது. இருதரப்பாரும் தத்தம் வெற்றியையே எழுதினர். மகேந்திரன் மைந்தன் நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டளவில் வாதாபியைக் கைப்பற்றியதும், வாதாபிகொண்டான் எனப் பெயர் பெற்றதும் யாவரும் அறிந்ததே.

இத்தகைய போர்களுக்கு இடையிலும் மகேந்திரன் கலைகளை மறந்தானல்லன். மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் இயற்றினான். காஞ்சி நகரத் தெருவிலே, காணாமற்போன ஒரு மண்டையோட்டுக்காகக் காபாலிகனும் பௌத்தத் துறவியும் வழக்காடுவதே அதன் கதை. முதலில் சமணத்தைச் சார்ந்திருந்த அவன், திருநாவுக்கரசரால் சைவம் தழுவினான் என்று பெரிய புராணம் உரைக்கும்.

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் அவன் குடைந்த கோயில் வரலாற்றில் ஒரு திருப்பமாகும். செங்கல், மரம், உலோகம், சுண்ணம் ஆகிய நான்குமின்றி, நான்முகன், ஈசன், திருமால் ஆகிய மூவர்க்கும் இதனை அமைத்தேன் என்னும் கருத்தை அங்குள்ள கல்வெட்டிலே அவன் பெருமிதத்துடன் பதித்தான். விசித்திரசித்தன் என்னும் அவன் விருதும் அக்கல்வெட்டில் உள்ளது. அன்றுவரை மரமும் சுதையும் கொண்டு எழுப்பிய கோயில்கள் காலத்தால் அழிந்தன. மலையையே கோயிலாக்கினால் அழிவில்லை என்று அவன் கண்டான்.

ஆனால் ஓவியத்திற்கு அவ்வாறு அழியாத உறுதி அமைவது எளிதன்று. கல்லைக் குடைந்தவனுக்கு நிறத்தையும் நிலைநிறுத்தும் ஆவல் இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. மாமண்டூர்க் குடைவரையில் சிதைந்த நிலையில் உள்ள கல்வெட்டிலே தட்சிணசித்திரம் என்னும் பெயர் காணப்படுகிறது. அது ஓவியக்கலை பற்றிய நூலொன்றைக் குறிக்கும் என்று அறிஞர் பொருள் கொள்வர். அந்நூல் நமக்குக் கிடைக்கவில்லை.

புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசலின் சமணக் குடைவரையில் தாமரைக்குளம் ஒன்று விதானத்தில் தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் எருமையும் யானையும் நீரிலே திரிய, அடியார் மலர் கொய்கின்றனர். அக்குளம் முழுவதும் பசிய இலைகள் படர்ந்துள்ளன. 1920-ஆம் ஆண்டளவில் கோபிநாதராவும் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரேயிலும் இவ்வோவியங்களை உலகிற்கு எடுத்துக் காட்டினர். அப்போது இவை மகேந்திரன் காலத்தவை எனக் கருதப்பட்டன. சித்திரகாரப்புலியின் கைவண்ணத்தைக் கண்டோம் என்று தமிழர் நெஞ்சம் பூரித்தது. பின்னர் அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு தெளிவாயிற்று. பாண்டியன் சீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுத்தான் என்பது அதன் செய்தி. இன்று ஆராய்ச்சியாளர் பெரும்பாலோர் அவ்வோவியங்களைப் பாண்டியர் காலத்தவை என்றே கொள்வர். ஆகவே, ஓவியப் புலி எனத் தன்னை அழைத்துக்கொண்ட மன்னனின் கைக்கோடு இதுவே என்று ஐயமின்றிச் சுட்டத்தக்க ஓவியம் ஒன்றுமே நமக்கு எஞ்சவில்லை. இது நெஞ்சை வருத்தும் உண்மையாகும்.

ஆயினும் அவன் நாடிய நிலைபேற்றை அடைந்த ஒரு பொருளைச் சித்தன்னவாசலின் இலைகளிலே காண்கிறோம். 1930-களில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலறிஞர் பரமசிவன் அங்குள்ள நிறங்களைச் சோதித்தார். வெண்மை சுண்ணத்தாலும், கருமை கரியாலும், சிவப்பும் மஞ்சளும் காவி மண்ணாலும், பச்சை பசுமண்ணாலும் ஆக்கப்பட்டவை என்று கண்டார். பசுமண் என்பது இரும்பு கலந்த ஒருவகைக் கனிமம். பாறைகளுக்கிடையே இயற்கையாகக் கிடைப்பது. அஜந்தாவின் ஓவியரும் இதனையே கையாண்டனர்.

பச்சையை ஆக்கும் வழிகள் பல இருக்க, இதனை ஓவியர் ஏன் தேர்ந்தனர் என்று வினவலாம். இலைச்சாற்றின் பச்சை வெயிலிலே வெளிறும். செம்பின் மீது புளித்த காடியின் ஆவியைப் படியவிட்டுப் பெறும் பச்சை கண்ணைப் பறிக்கும். ஆனால் நாளடைவில் கறுக்கும், எழுதிய காகிதத்தையும் அரிக்கும். மஞ்சளையும் அவுரி நீலத்தையும் கலந்து பச்சை காணும் முறை கேரளச் சுவரோவியரிடம் உண்டு. பசுமண்ணோ சுண்ணத்தின் காரத்திற்கு அஞ்சாது, ஒளியிலும் மாறாது. அதன் நிறம் சற்றே மங்கலானது. ஆனால் உறுதி மிக்கது.

பளபளப்பை விரும்பி உறுதியை விட்டவர் பிற்காலத்தில் துன்புற்றனர். 1775-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு வேதியியலறிஞர் ஷீலே, செம்பும் பாஷாணமும் சேர்த்து ஒளிமிக்க பச்சையை உண்டாக்கினார். ஐரோப்பாவிலே அது சுவர்த்தாளிலும் துணியிலும் செயற்கைப் பூக்களிலும் ஏறியது. அதைக் கையாண்ட தொழிலாளரின் உடலையும் நஞ்சேற்றிற்று. 1797-இல் குரோமியம் என்னும் உலோகம் கண்டறியப்பட்ட பின்னரே நிலையான பச்சைகள் தொழிற்சாலைகளில் பிறந்தன.

மகேந்திரன் வித்திட்ட நிலைபேற்று வேட்கை அவனோடு முடியவில்லை. பின்வந்த பல்லவர் பனைமலையிலும் காஞ்சிக் கயிலாசநாதர் கோயிலிலும் ஓவியம் தீட்டுவித்தனர். இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் தீட்டுவித்த ஓவியங்கள் நாயக்கர் காலப் பூச்சின் அடியிலே மறைந்திருந்து 1931-இல் வெளிப்பட்டன.

மெய்யாகவே ஒருவனைப் போற்றுவோர் அவனுக்குரியதை மட்டுமே அவனுக்கு அளிப்பர். மகேந்திரனுக்கு மலையைக் கோயிலாக்கிய துணிவும், தன்னை ஓவியன் என்று சொல்லிக்கொள்வதில் அரசனுக்கும் நாணமில்லை என்று காட்டிய பெருமையும் உரியன. தாமரைக்குளத்தின் புகழோ, புதுப்பித்தவனாகக் கல்லிலே பெயர் நிற்கும் இளங்கௌதமனுக்கும், பெயர் எழுதப்படாத கைவினைஞர்க்கும் சென்று சேரட்டும்.

வாதாபியாகிய பாதாமியும் ஐஹொளெயும் நாம் வாழும் மாநிலத்திலேயே உள்ளன. 578-ஆம் ஆண்டில் அமைந்த பாதாமி மூன்றாம் குடைவரையிலும் பழைய வண்ணத்தின் எச்சங்கள் காணப்படுகின்றன. விடுமுறையில் பிள்ளைகளை அங்கும், ஊர் செல்லுங்கால் சித்தன்னவாசலுக்கும் அழைத்துச் செல்வோமாக. சுவரிலே கை வையாது, பெயர் கீறாது, அண்ணாந்து நின்று காணக் கற்பிப்போமாக. பல நூறு ஆண்டு வெயிலையும் மழையையும் பொறுத்த அப்பச்சை, நம் கைகளால் அழியாதிருத்தலே சித்திரகாரப்புலிக்கு நாம் செலுத்தும் வணக்கமாகும்.