பிளினி போட்ட கணக்கு

கயத்தாறுன்னா உங்களுக்குக் கட்டபொம்மன் ஞாபகம் வரும். அதே தூத்துக்குடி மாவட்டத்துலதான் பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கையும் இருக்கு. முத்து மோகத்தைப் பார்த்து வயிறெரிந்த ரோமானியர் மூத்த பிளினி. கி.பி. 23 வாக்கில் கோமோவில் பிறந்தவர். குதிரைப்படை அதிகாரி, பின்னால் கடற்படைத் தளபதி.

ஒரு விருந்துக்கு லோலியா பவுலினா 4 கோடி செஸ்டெர்டியஸ் மதிப்புள்ள முத்தும் மரகதமும் அணிந்து வந்ததை நேரில் பார்த்தவர். 77-ல் முடித்த 'இயற்கை வரலாறு' நூலில், இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி போவதாக எழுதினார். 100 செஸ்டெர்டியஸ் சேர்ந்தா ஒரு அவுரியஸ் தங்கக் காசு, சுமார் 7.3 கிராம். பெருக்கிப் பாருங்க, மூன்றரை டன்னுக்கு மேல! (மிகைன்னு சொல்றவங்களும் உண்டு. ஆனா நம்ம மண்ணுல ரோமக் காசு குவியலாவே கிடைச்சிருக்கு.)

79-ல் வெசுவியஸ் வெடிச்சப்போ வேடிக்கை பார்க்கத்தான் கிளம்பினார். உதவி கேட்டு ஓலை வந்ததும் கப்பல்களோட மக்களை மீட்கப் போனவர், ஸ்டாபியே கரையிலேயே இறந்தார்.