கல்லைப் பாட வைத்தவர்

ஒரு சிறு கல். அதன்மேல் ஓர் எஃகு ஊசி. பக்கத்தில் சில பாட்டரிகள். இவற்றைக் கொண்டு ரேடியோ உலகத்தையே வியக்க வைத்தான் ஒரு வாலிபன். அப்போது அவனுக்கு வயது 18. பெயர் ஒலெக் லோசெவ்.

ருஷியாவில் ட்வேர் நகரில் 1903-ம் ஆண்டு மே 10-ந் தேதி லோசெவ் பிறந்தார். தந்தை பழைய ராணுவ அதிகாரி. புரட்சிக்குப் பிறகு அத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு எளிதில் திறக்கவில்லை. ரேடியோவின்மேல் தீராத ஆசை கொண்ட லோசெவ், நிஷ்னி நாவ்கரோடு நகரிலிருந்த ரேடியோ ஆராய்ச்சிக் கூடத்துக்குப் போனார். கிடைத்ததோ எடுபிடி வேலை! அதையும் மகிழ்ச்சியோடு ஏற்றார்.

அதிசயக் கல்

அந்நாளில் கல் வைத்த ரேடியோக்கள் உண்டு. அவை பாட்டைக் கேட்க உதவும். ஆனால் ஒலியைப் பெருக்கா. பெருக்குவதற்கு வால்வு வேண்டும். அதன் விலையோ அதிகம். பாட்டரியையும் அது விரைவில் தின்றுவிடும்.

1922 ஜனவரியில் ஸிங்கைட் என்ற கல்லை லோசெவ் சோதித்தார். சில புள்ளிகளில் ஊசியை வைத்ததும் விந்தை நிகழ்ந்தது. மின் அழுத்தமும் மின் ஓட்டமும் சேர்ந்து ஏறுவதுதான் வழக்கம். இங்கோ ஒன்று ஏற, மற்றது இறங்கியது! அந்த நிலையில் கல் சக்தியை விழுங்கவில்லை. பாட்டரியின் சக்தியை வாங்கி, ரேடியோ அலைக்கு ஊட்டியது. வால்வு இல்லாமலே ஒலி பெருகியது.

அதோடு நிற்கவில்லை. வெளியிலிருந்து அலை வராதபோதும், கல் தானே அலைகளை எழுப்பியது.

முதல் தள்ளு யாருடையது?

ஊஞ்சல் ஆட யாராவது தள்ள வேண்டும். இங்கே தள்ளியது யார்?

எந்தக் கம்பியிலும் எலெக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. சந்தைக் கூட்டம்போல முட்டி மோதுகின்றன. அதனால் ஓயாத இரைச்சல் எழுகிறது. இதை ஜான்சன் என்பவர் அளந்தார். நைக்விஸ்ட் என்பவர் கணக்குப் போட்டு விளக்கினார். இருவர் கட்டுரைகளும் 1928-ல் வெளிவந்தன.

அந்த இரைச்சலில் எல்லாத் தாளங்களும் கலந்திருக்கின்றன. ரேடியோவிலுள்ள கம்பிச் சுருளும் மின்தேக்கியும் தமக்குரிய ஒரு தாளத்தை மட்டும் பொறுக்கி எடுக்கின்றன. கல் அதை ஊட்டி வளர்க்கிறது. ஓர் அளவுக்கு மேல் கல்லால் ஊட்ட முடியாது. அங்கே அலை நிலைபெறுகிறது.

அலையைப் பெற்ற இரைச்சல் பிறகும் அதை விடுவதில்லை. தாளத்தைச் சற்று முன்னும் பின்னும் தள்ளி, நடுங்க வைக்கிறது. இன்று செல்போனும் ராடாரும் செய்கிறவர்கள் இந்த நடுக்கத்தோடுதான் போராடுகிறார்கள்.

குளிர்ந்த ஒளி

லோசெவின் கருவியை 1924-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று புகழ்ந்து எழுதியது. ஆனால் நல்ல புள்ளியைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. ஸிங்கைட்டும் அரிய பொருள். ஆகவே வால்வே வென்றது.

லோசெவ் சோர்ந்துவிடவில்லை. கார்போரண்டம் கல்லில் ஊசி தொட்ட இடம் ஒளிர்வதை 1923-ல் கண்டார். அது சூட்டினால் வரும் ஒளி அல்ல என்று சோதித்து நிறுவினார். இன்று வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்குக்கு அதுவே முன்னோடி.

1938-ல் லெனின்கிராடு ஆராய்ச்சி நிலையம் ஒன்று, முறையான ஆய்வுரை கேட்காமலே, அவருக்கு விஞ்ஞானப் பட்டம் வழங்கியது. கல்லூரிப் படிப்பை முடிக்காதவருக்குக் கிடைத்த பெருமை அது!

மூன்றாண்டுகளில் யுத்தம் வந்தது. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படைகள் லெனின்கிராடை வளைத்தன. ரொட்டித் துண்டுக்கும் பஞ்சம். கடுங்குளிர் வேறு. 1942 ஜனவரி 22-ந் தேதி, பசிக் கொடுமைக்கு லோசெவ் பலியானார். அப்போது அவருக்கு வயது 38 தான்.

கல்லுக்கு ஊட்டி அலையை வளர்த்தவருக்கு ஒரு பிடி உணவு கிடைக்கவில்லை. ஆனால் அவர் கண்ட ஒளி அணையவில்லை. இன்று அது வீட்டுக்கு வீடு எரிகிறது.