இரகசியங்களைத் திறந்து எழுதிய அறிஞர்: முஹம்மது பின் ஸகரிய்யா அர்ராஸி

'ராஸி' என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருபவர் தஃப்ஸீருல் கபீரை எழுதிய இமாம் ஃபக்ருத்தீன் ராஸி (ரஹ்) அவர்கள். அவர்களுக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த இன்னொரு ராஸியைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம். இருவருமே ரய் நகரத்தைச் சேர்ந்தவர்கள் என்பதால் இருவருக்கும் இந்தப் பெயர் வந்தது. ரய், ஈரானின் இன்றைய தலைநகரான தெஹ்ரானை ஒட்டி இருக்கிறது.

அபூபக்ர் முஹம்மது பின் ஸகரிய்யா அர்ராஸி ஹிஜ்ரி 251 (கி.பி. 865) வாக்கில் பிறந்தார். உலகம் அவரை மருத்துவராகவே அதிகம் அறியும். முதலில் ரய் நகர மருத்துவமனைக்கும், பிறகு பக்தாத் மருத்துவமனைக்கும் தலைமை வகித்தார். பெரியம்மையும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்துக் காட்டி அவர் எழுதிய நூல் பல நூற்றாண்டுகள் கழித்தும் ஐரோப்பாவில் மொழிபெயர்த்துப் படிக்கப்பட்டது. ஆனால் மருத்துவத்திற்கு வருவதற்கு முன்பே அவர் அடுப்பும் குடுவையுமாக இரசவாதத்தில் ஈடுபட்டிருந்தார். நம் பிள்ளைகள் பள்ளியின் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் இன்று செய்யும் பல வேலைகளை அந்தக் குடுவைகளோடு இணைத்துப் பார்க்க முடியும்.

அவருடைய பாட வகுப்பு எப்படி இருந்தது என்பதை வரலாற்றாசிரியர் இப்னு நதீம் பதிவு செய்திருக்கிறார். மாணவர்கள் வட்டம் வட்டமாக அமர்ந்திருப்பார்கள். கேள்வியோடு வருபவர் முதலில் வெளி வட்டத்தில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டும். அவர்களுக்குத் தெரியாவிட்டால் கேள்வி உள் வட்டத்துக்குப் போகும். அங்கும் விடை இல்லையென்றால்தான் ராஸி பேசுவார். மாணவர் வெறுமனே கேட்டுக்கொண்டிருப்பவர் அல்லர், சிந்தித்துப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர் என்பது அந்த வகுப்பின் ஒழுங்கு.

அக்கால இரசவாதிகள் தங்கள் வித்தையை மறைத்தே எழுதினார்கள். பொருள்களுக்குக் குழூஉக்குறிப் பெயர்கள் வைத்தார்கள். ஜாபிர் பின் ஹய்யான் பெயரில் வழங்கும் நூல்களில்கூட ஒரே விஷயத்தைப் பல நூல்களில் சிதறவிட்டு எழுதும் முறை இருக்கிறது. ராஸியோ, புகாராவைச் சேர்ந்த தம் முன்னாள் மாணவர் ஒருவர் கேட்டுக்கொண்டதற்காக ஒரு நூல் எழுதினார். அதன் பெயர் 'கிதாபுல் அஸ்ரார்', அதாவது இரகசியங்களின் நூல். பெயரில்தான் இரகசியம், உள்ளே எல்லாம் வெளிப்படை.

அந்நூலில் மூன்று பகுதிகள் உண்டு: பொருள்களை அறிதல், கருவிகளை அறிதல், செய்முறைகளை அறிதல். முதல் பகுதியில் கனிமப் பொருள்களை ஆறு வகையாகப் பிரிக்கிறார். நெருப்பில் ஆவியாகப் பறந்துவிடும் பாதரசம், கந்தகம், நவச்சாரம் போன்றவை ஒரு வகை. அவற்றுக்கு 'ரூஹ்' வகை என்று பெயர். உலோகங்கள் இன்னொரு வகை. கற்கள், துத்தங்கள், வெண்காரங்கள், உப்புகள் என்பன மற்றவை. இரண்டாம் பகுதியில் துருத்தி, மூசை, இடுக்கி முதல் வாலை வரை கருவிகள் வருகின்றன. மூன்றாம் பகுதியில் காய்ச்சி வடித்தல், பதங்கமாக்கல், கரைத்தல், நீற்றுதல் போன்ற செய்முறைகள் வருகின்றன. படிப்பவர் தாமே செய்து பார்க்க வேண்டும் என்பதே நூலின் நோக்கம். நம் பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் 'தேவையான பொருள்கள், கருவிகள், செய்முறை' என்று வரும் தலைப்புகளும் ஏறக்குறைய இதே வரிசைதான்.

அவர் 'ரூஹ்' வகையில் சேர்த்த நவச்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். நம் பிரியாணி தேக்சாவுக்கு ஈயம் பூசுகிறவர், சூடான பாத்திரத்தில் தூவும் வெள்ளைப் பொடி அதுதான். பாடநூலில் அதன் பெயர் அம்மோனியம் குளோரைடு. அதைச் சூடாக்கினால் உருகாமல் நேரே புகையாக எழும். மேலே கவிழ்த்த புனலின் குளிர்ந்த பக்கத்தில் மீண்டும் வெள்ளையாகப் படியும். ராஸி இதைக் கண்ணால் கண்டார், வகைப்படுத்தினார். ஏன் இப்படி நடக்கிறது என்பதை இன்றைய வேதியியல் சொல்கிறது. அந்த உப்பில் அம்மோனியம் அயனியையும் குளோரைடு அயனியையும் அயனிப்பிணைப்பு சேர்த்து வைத்திருக்கிறது. வெப்பம் ஏறும்போது அது அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்ற இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது. குளிர்ந்ததும் இரண்டும் கூடி மறுபடி அதே உப்பாகின்றன. பிளஸ் டூ மாணவர் உப்பைப் பகுப்பாய்வு செய்யும்போது, அமிலத்தில் நனைத்த கண்ணாடிக் கோலை அம்மோனியா வாயுவில் காட்டினால் அடர்த்தியான வெண்புகை வருமே, அந்தப் புகையும் இதே நவச்சாரம்தான்!

ராஸியின் எல்லா முடிவுகளும் சரியாக இருந்தனவா? இல்லை. மட்டமான உலோகத்தைத் தங்கமாக்க முடியும் என்று அவர் நம்பினார். அது முடியாது என்று வாதிட்ட அல்கிந்திக்கு மறுப்பும் எழுதினார். பின்னால் வந்த இப்னு ஸீனாவும் அதை ஏற்கவில்லை. தங்கம் கிடைக்கவில்லை, ஆனால் செய்முறைகள் நிலைத்தன. இறைக்கொள்கை, நபித்துவம் தொடர்பாக அவர் கூறியதாகச் சொல்லப்படும் கருத்துகளையும் உலமாக்கள் மறுத்திருக்கிறார்கள். அவை அவருடையவைதானா என்பதிலேயே ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. அகீதாவை நாம் அவரிடம் கற்கப் போவதில்லை. ஆனால் கண்டதைக் கண்டபடி எழுதும் நேர்மையை அவரிடம் கற்கலாம்.

அவர் குறிப்புகளிலிருந்து தொகுக்கப்பட்ட 'அல்ஹாவி' என்ற பெரும் மருத்துவத் தொகுப்பில் இந்த நேர்மையைக் காணலாம். மூளைக் காய்ச்சலின் அறிகுறி தெரிந்தவர்களில் ஒரு சாராருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை அளித்து, மற்றொரு சாராருக்கு வேண்டுமென்றே அளிக்காமல் ஒப்பிட்டுப் பார்த்ததை அவர் குறித்திருக்கிறார். மருத்துவத்தில் தம் ஆசானாக மதித்த ஜாலினூஸின் கருத்துகள் தம் அனுபவத்தோடு பொருந்தாத இடங்களைத் தனி நூலாகவே எழுதினார். ஆசான் சொன்னார் என்பதற்காகக் காணாததைக் கண்டதாக அவர் எழுதவில்லை.

இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது. சோதனைக் குழாயில் வராத நிறத்தை, பக்கத்து மாணவரின் நோட்டைப் பார்த்து 'வந்தது' என்று எழுதும் பழக்கம் இன்று சாதாரணமாகிவிட்டது. மார்க் வந்தால் போதும் என்று பெற்றோரும் அதைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் காணாததைக் கண்டதாக எழுதுவது சிறிய அளவில் ஒரு பொய்ச் சாட்சியம் அல்லவா? இன்று ரெக்கார்டு நோட்டில் பழகும் கை, நாளை இரத்தப் பரிசோதனை முடிவிலும் மருந்துத் தரச் சான்றிலும் எழுதப் போகிற கை. எதிர்பார்த்த நிறம் வரவில்லை என்றால், வரவில்லை என்றே எழுதி, ஏன் வரவில்லை என்று ஆசிரியரிடம் கேட்கும் துணிவை நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே ஊட்ட வேண்டும். குறைந்துபோகும் ஓரிரு மதிப்பெண்களைவிட அந்த அமானத் பெரியது.

ராஸி தம் கடைசிக் காலத்தில் பார்வையை இழந்தார். இரசவாதப் புகை இளமையிலேயே அவர் கண்களைப் பாதித்தது என்று அல்பிரூனி எழுதியிருக்கிறார். ஓயாத வாசிப்பும் எழுத்தும் காரணம் என்றும் சொல்லப்படுகிறது. ஆய்வுக்கூடத்தில் பாதுகாப்புக் கண்ணாடியை அலட்சியம் செய்யும் பிள்ளைகளுக்கு இதையும் சொல்லி வைக்கலாம். ஹிஜ்ரி 313 (கி.பி. 925) வாக்கில், பிறந்த ஊரான ரய் நகரிலேயே அவர் காலமானார்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கற்றதில் உண்மையையும் தந்தருள்வானாக! ஆமீன்.