புச்சி பாபு நாயுடு

மோதவரப்பு வெங்கட மகிபதி நாயுடு (1868 – டிசம்பர் 1908), பரவலாகப் புச்சி பாபு நாயுடு என அறியப்படுபவர், சென்னையைச் சேர்ந்த துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரரும் புரவலரும் ஆவார். ஐரோப்பியர் வசமிருந்த சென்னைத் துடுப்பாட்டத்தில் இந்தியருக்கு இடம் பெற்றுத் தந்தவர் இவர். தென்னிந்தியத் துடுப்பாட்டத்தின் தந்தை என அழைக்கப்படுகிறார்.

இளமை

புச்சி பாபு, பாரி நிறுவனத்தின் துபாசியாக இருந்த செல்வந்தர் வெங்கடசாமி நாயுடுவின் மகள் வழிப் பேரன் ஆவார். பாட்டனாராலேயே தத்தெடுக்கப்பட்டு, மயிலாப்பூர் லஸ் பகுதியில் இருந்த இல்லத்தில் ஆங்கில முறைப்படி வளர்க்கப்பட்டார். இளமையிலேயே துடுப்பாட்டத்தில் ஈடுபாடு கொண்டார்.

சேப்பாக்கத்தில் வேற்றுமை

1846 இல் தொடங்கப்பட்ட மதராஸ் கிரிக்கெட் கழகம் சேப்பாக்கம் மைதானத்தைத் தன் பொறுப்பில் வைத்திருந்தது. இந்தியர் அதில் உறுப்பினராக முடியாது. அங்கு விளையாட வந்த இந்திய வீரர்களுக்குப் பெவிலியனிலும் இடமில்லை. ஐரோப்பியர் அங்கே உணவருந்த, இந்தியர் மர நிழலில் அமர்ந்து உண்டனர். ஒரே ஆட்டத்தில் எதிரெதிராக ஆடியவர்களிடையே காட்டப்பட்ட இவ்வேற்றுமை புச்சி பாபுவைப் பெரிதும் பாதித்தது.

மதராஸ் யுனைடெட் கழகம்

1888 இல் புச்சி பாபு இந்தியருக்கென மதராஸ் யுனைடெட் கழகத்தை நிறுவினார். எஸ்பிளனேடு பகுதியில் அதற்கு மைதானம் அமைந்தது. வசதியற்ற இளைஞர்களுக்கு மட்டை, கால்காப்பு, காலணி முதலியவற்றைத் தம் செலவில் வாங்கித் தந்து பயிற்சியும் அளித்தார். அக்காலத்தில் இக்கருவிகள் விலை மிகுந்தவை. எனவே இவ்வுதவி இன்றிப் பலர் இவ்விளையாட்டை அணுகியிருக்க இயலாது.

மாகாணப் போட்டி

திறமையான வீரர்கள் உருவானாலும், ஐரோப்பியரின் விருப்பத்தைப் பொறுத்தே அவர்களுடன் ஆடும் வாய்ப்பு அமைந்தது. ஆண்டுதோறும் தவறாது நடைபெறும் போட்டி ஒன்று இருந்தாலே இந்தியரின் இடம் உறுதியாகும் எனப் புச்சி பாபு கருதினார். இதன்பொருட்டு மதராஸ் கிரிக்கெட் கழகத்தின் பி. டபிள்யூ. பார்ட்ரிட்ஜுடன் பேசி, ஐரோப்பியர் அணிக்கும் இந்தியர் அணிக்கும் இடையிலான போட்டிக்கு ஏற்பாடு செய்தார். முதல் போட்டி 1908 டிசம்பரில் நடைபெற இருந்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் காலமானார். பி. சுப்பிரமணியம் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார்.

1915-16 பருவத்திலிருந்து இது முதல்தரப் போட்டியாகக் கருதப்படுகிறது. சனவரியில் பொங்கலையொட்டி நடைபெற்றதால் பொங்கல் போட்டி எனவும் பெயர் பெற்றது. 1952 வரை இது நீடித்தது.

பம்பாயில் 1907 இல் இந்துக்கள் சேர்க்கப்பட்டபோது அங்கு மும்முனைத் தொடர் உருவானது; பின்னர் முசுலிம்களுக்கும் தனி அணி அமைந்தது. சென்னையிலோ எல்லாச் சமயத்தவரும் ஒரே இந்திய அணியில் ஆடினர். சமய அடிப்படையிலான அணிகள் குறித்துப் பம்பாயில் எழுந்த கண்டனம் சென்னைப் போட்டிக்கு நேரவில்லை.

குடும்பம்

இவருடைய மகன்கள் வெங்கடராமானுஜுலு, பாலையா, சி. ராமசாமி ஆகியோரும் துடுப்பாட்ட வீரர்களே. ராமசாமி 1922 இல் டேவிஸ் கோப்பை டென்னிசிலும், 1936 இல் இங்கிலாந்தில் தேர்வுத் துடுப்பாட்டத்திலும் இந்தியாவுக்காக ஆடினார்.

நினைவுத் தொடர்

இவரது நினைவாகத் தொடங்கப்பட்ட புச்சி பாபு போட்டி, முதலில் உள்ளூர்த் தொடராக இருந்து, 1960களின் பிற்பகுதியில் அனைத்திந்திய அழைப்புத் தொடராக விரிவடைந்தது. சில ஆண்டுகள் தடைப்பட்டுப் பின் 2023 இல் மீண்டும் தொடங்கியது. 2024 இல் 12 அணிகள் பங்கேற்ற தொடர் கோயம்புத்தூர், சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் மாவட்டம் நத்தம் ஆகிய இடங்களில் நடைபெற்றது. நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியில் சத்தீசுகரை 243 ஓட்டங்களால் வென்று ஐதராபாத்து கோப்பையைக் கைப்பற்றியது.