திப்பு சுல்தான்: ஆற்காட்டில் கிடைச்ச பேர், இங்கிலாந்துக்குப் போன புலி!

திண்டுக்கல் மலைக்கோட்டையில ஏறி போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறோம். அந்தக் கோட்டைக்கும் ‘மைசூர்ப் புலி’ திப்பு சுல்தானுக்கும் என்ன தொடர்பு தெரியுமா?

1755-ல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக இங்கே வந்தவர் திப்புவின் அப்பா ஹைதர் அலி. அரச வம்சம் கிடையாது. படைவீரரா வாழ்க்கையைத் தொடங்கினவர். திண்டுக்கல்லில் சேர்த்த பலம்தான் பின்னாடி மைசூரையே ஆளும் அளவுக்கு அவரை உயர்த்துச்சு. பேகம்பூருக்கு அந்தப் பேர் வந்ததும் அங்கே அடக்கமான அவர் தங்கை அமீருன்னிசா பேகத்தால்தான்.

அப்போ திப்பு சின்னப் பையன். ஆற்காட்டு சூஃபி ஞானி திப்பு மஸ்தான் அவுலியாவின் தர்காவில் பிள்ளை வரம் வேண்டிப் பிறந்தவர் என்பதால் அந்தப் பேர். ‘சுல்தான்’ பட்டம் இல்லைங்க, பிறந்தப்பவே வெச்ச பேரோட ஒரு பகுதி! தாத்தா ஃபத்தே முகமது நினைவா ஃபத்தே அலின்னும் பேர் உண்டு.

1782-ல் ஆட்சிக்கு வந்த திப்பு தேர்ந்தெடுத்த சின்னம், புலி. சிம்மாசனத்தில் தங்கப் புலித்தலை, பீரங்கி வாயில் புலிமுகம், சிப்பாய்களின் சட்டையில் புலிவரி. வெள்ளைக்காரனைக் கடிக்கும் மரப்புலி ஒண்ணும் இருந்துச்சு. கைப்பிடியைச் சுத்தினா புலி உறுமும், ஆள் அலறுவான்!

1790-ல் திண்டுக்கல் கோட்டை ஆங்கிலேயர் கைக்குப் போச்சு. 1792 ஒப்பந்தத்தில் ஊரே கம்பெனிக்குச் சொந்தமாச்சு. திப்புவின் 2 மகன்கள் பணயமா அனுப்பப்பட்டாங்க. 1799 மே 4-ம் தேதி, ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டையில் சண்டை போட்டபடியே திப்பு இறந்தார்.

சிம்மாசனத்தை உடைச்சுப் பங்கு போட்டாங்க. மரப்புலி இப்போ லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில். வெற்றிப் பதக்கத்தில் பிரிட்டிஷ் சிங்கம் புலியை அமுக்குற படம்.

அதோட முடியல. அந்தப் போரில் தளபதியா இருந்த ஜார்ஜ் ஹாரிஸுக்கு 1815-ல் பிரபுப் பட்டம் கிடைச்சுது. பிரபு ஆனா குடும்பத்துக்குன்னு ஒரு சின்னம் வேணுமே? அவர் வெச்சது, நெஞ்சில் அம்பு பாய்ஞ்ச புலி. அதோட நெற்றியில் பாரசீக எழுத்தில் ஒரு பேர்: ஹைதர்.

ஆமா, திண்டுக்கல் ஃபவுஜ்தாரோட பேர்தான். ஜெயிச்சவங்க குடும்பமே அதைத் தலைமுறை தலைமுறையா சுமக்குது!